இளஞ்சிவப்புக் குழாயில் இருந்த ஆன்டிபயாடிக்

கொரோனா காலத்தில் மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டு எடுத்த சாம்பிளை ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாயில் ஒடித்துப் போட்டு மூடினார்களே, ஞாபகம் இருக்கிறதா? ரோஸ்மில்க்கில் நிறையத் தண்ணீர் விட்ட மாதிரி ஒரு திரவம் அதில் இருக்கும். புதுச்சேரியில் அந்தக் குழாய்கள் ஐஸ் பெட்டியில் ஏறி கோரிமேட்டுப் பக்கத்து ஆய்வகத்துக்குப் போகும். முடிவு பாசிட்டிவா நெகட்டிவா என்பதுதான் எல்லோருக்கும் கவலை. திரவத்தில் என்ன இருந்தது என்று யார் கேட்டார்கள்?

வழக்கமான செய்முறைப்படி அதில் உப்புக் கரைசல், கொஞ்சம் கன்றுக்குட்டி சீரம், அந்த நிறத்தைத் தரும் ஃபீனால் ரெட் சாயம், பூஞ்சை வளராமல் இருக்க ஆம்ஃபோடெரிசின் எல்லாம் உண்டு. கூடவே ஒரு ஆன்டிபயாடிக், பெரும்பாலும் ஜென்டாமைசின். தொண்டையில் இருந்து வரும் குச்சியில் வைரஸ் மட்டுமா வரும்? வாயில் குடியிருக்கும் பாக்டீரியா பட்டாளமும் சேர்ந்தே வரும். வழியில் அவை பெருகினால் சாம்பிள் கெட்டுவிடும். பாக்டீரியா சாக வேண்டும், வைரஸுக்கு ஒன்றும் ஆகக்கூடாது. அதற்காகத்தான் ஆன்டிபயாடிக்கை ஊற்றி வைத்தார்கள்.

அதே நாளில், அதே தெருவில், மெடிக்கல் ஷாப்பில் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். "அண்ணே, அசித்ரோ ஐந்நூறு ஒரு அட்டை குடுங்க. வீட்ல எல்லாருக்கும் காய்ச்சல்." மூன்று மாத்திரை உள்ள அட்டை கைமாறும். வைரஸைக் காப்பாற்ற அங்கே குழாயில் ஆன்டிபயாடிக், வைரஸைக் கொல்ல இங்கே வாயில் ஆன்டிபயாடிக். இரண்டுமே 2020இல் மருத்துவ உலகம் செய்தவைதான். கடைக்காரரையோ வாங்கியவரையோ கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. அந்த அட்டைக்குப் பின்னால் உண்மையிலேயே ஓர் ஆய்வகச் சோதனை இருந்தது. அந்தச் சோதனை எப்படி நடக்கிறது, "லேபில் வேலை செய்தது" என்ற வாக்கியம் எங்கே சறுக்குகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். நுண்ணுயிரியல் படித்து, சில வருடம் செல் வளர்க்கும் லேபில் கைநனைத்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

பாக்டீரியாவுக்கு வீடு உண்டு, வைரஸுக்கு இல்லை

பள்ளிப் பாடத்தில் வந்த விஷயம்தான், வேகமாகக் கடந்துவிடலாம். பாக்டீரியா தனக்கென்று சுவர், தனக்கென்று சமையலறை வைத்திருக்கும் உயிர். பென்சிலின் அந்தச் சுவரைக் கட்டவிடாமல் செய்கிறது. டாக்ஸிசைக்ளின், ஜென்டாமைசின், அசித்ரோமைசின் எல்லாம் அதன் ரைபோசோமில், அதாவது புரதம் செய்யும் அடுப்பில், கை வைக்கின்றன. நம் செல்லின் ரைபோசோம் வேறு வடிவம் என்பதால் நமக்கு அவ்வளவாக அடிபடுவதில்லை. வைரஸுக்குச் சுவரும் கிடையாது, ரைபோசோமும் கிடையாது. நம் செல்லுக்குள் புகுந்து நம் அடுப்பிலேயே சமைத்துக்கொள்ளும். ஆன்டிபயாடிக் குறிவைக்கும் பொருள் எதுவும் அதனிடம் இல்லை.

வைரஸ் லேபில் தினமும் கண்ணுக்கு முன்னால் இதற்கு ஆதாரம் கிடைக்கும். செல் வளர்க்கும் மீடியா பாட்டிலில் பென்சிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் கலந்திருக்கும். 'பென்-ஸ்ட்ரெப்' என்று ஒரே மூச்சில் சொல்வோம். ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட் பென்சிலின், 100 மைக்ரோகிராம் ஸ்ட்ரெப்டோமைசின். அது இல்லாவிட்டால், நம் ஊர்ப் புழுக்கத்தில், ஏசி ஒரு ராத்திரி நின்றாலே பாட்டில் மோர் மாதிரி கலங்கிவிடும். அந்த மீடியாவில்தான் சிக்குன்குனியா, டெங்கு எல்லாம் ஜோராக வளர்கின்றன.

பென்சிலினின் முதல் உத்தியோகமே இதுதான் என்பது பலருக்குத் தெரியாது. 1929இல் வெளிவந்த ஃபிளெமிங்கின் கட்டுரைத் தலைப்பிலேயே, இன்ஃப்ளூயன்சா பேசில்லஸ் என்ற பாக்டீரியாவைப் பிரித்தெடுக்க இது உதவும் என்று இருக்கிறது. மற்ற கிருமிகளைக் களையெடுத்து, பென்சிலினுக்கு அசையாத ஒன்றைத் தனியாக வளர்த்துக்கொள்ளலாம் என்ற யோசனை. அந்த பாக்டீரியாதான் ஃபுளூ காய்ச்சலுக்குக் காரணம் என்று அப்போது பலர் நம்பினார்கள். உண்மையான ஃபுளூ வைரஸ் மனிதர்களிடமிருந்து 1933இல்தான் பிடிபட்டது.

அப்புறம் ஏன் சோதிக்கிறார்கள்?

குறியே இல்லாத இடத்தில் அம்பு விட்டுப் பார்ப்பானேன் என்று கேட்கலாம். ஒரு காரணம் பழைய குழப்பம். 1948இல் ஆரியோமைசின் என்ற மருந்து வந்தபோது அது சில 'பெரிய வைரஸ்'களையும் அடக்குகிறது என்று மருத்துவ உலகமே கொண்டாடியது. கிளிக்காய்ச்சல், அரையாப்புக் கட்டி போன்றவற்றை உண்டாக்கும் கிருமிகளைச் சொன்னார்கள். செல்லுக்குள் மட்டுமே வளரும், நுண்ணிய வடிகட்டியில் நழுவிவிடும் என்பதால் அவற்றை வைரஸ் கணக்கில் வைத்திருந்தார்கள். பின்னால்தான் அவை கிளமிடியா என்ற பாக்டீரியா என்று தெளிவானது. கண்ணைக் குருடாக்கும் டிரக்கோமா கிருமியை சீனாவில் பிரித்தெடுத்து 1957இல் வெளியிட்டபோதுகூட 'டிரக்கோமா வைரஸ்' என்றுதான் அச்சிட்டார்கள். ஆன்டிபயாடிக் வைரஸைக் கொன்ற கதை இல்லை இது. கொல்லப்பட்டது வைரஸே இல்லை.

இந்தக் குழப்பம் இன்றும் நம் வீட்டு வாசலில் நடக்கிறது. ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல் புதுச்சேரியிலும் சுற்றுவட்டாரத்திலும் உண்டு. ஜிப்மர் மருத்துவர்கள் இதைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். புதர்களில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியின் கடியால் வருவது. அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் புண் இருக்கும், பல பேருக்கு அதுவும் இருக்காது. தலைவலி, உடம்புவலி, கொதிக்கும் காய்ச்சல் என்று பார்ப்பதற்கு டெங்கு மாதிரியே தெரியும். ஆனால் காரணம் பாக்டீரியா. டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். "எனக்கு வைரஸ் காய்ச்சல், ஆன்டிபயாடிக் போட்டேன், கேட்டுச்சு" என்று ஒருவர் அடித்துச் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு வந்தது வைரஸ் காய்ச்சலாக இருந்திருக்காது, அவ்வளவுதான். இல்லையென்றால் வைரஸ் காய்ச்சல் வழக்கம்போல நாலாம் நாள் தானே இறங்கியிருக்கும், பெயர் மாத்திரைக்குப் போயிருக்கும்.

இரண்டாவது காரணம்தான் சுவாரசியமானது. சில ஆன்டிபயாடிக்குகள், எதிர்பாராத வழியில், நிஜமாகவே வைரஸைத் தடுக்கின்றன.

காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டவர்களைக் கேளுங்கள், சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைத்தான் முதலில் சொல்வார்கள். அந்த நிறம் ரிஃபாம்பிசினுடையது. 1969இல், இந்த ரிஃபாம்பிசின் வாக்ஸினியா வைரஸின் வளர்ச்சியை நிறுத்துகிறது என்று கண்டார்கள். பெரியம்மைத் தடுப்பூசியில் இருந்த வைரஸ் அது, பெரியம்மைக்கு ஒன்றுவிட்ட சகோதரன். இந்தியாவில் பெரியம்மை ஒழிய இன்னும் ஆறு வருடம் இருந்த நேரம். எவ்வளவு பரபரப்பாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ரிஃபாம்பிசின் பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதியைப் பூட்டுவது. வாக்ஸினியாவும் தனக்கென்று ஒரு பாலிமரேஸைச் சுமந்துகொண்டு வரும் அபூர்வ வைரஸ். ஆக, இங்கேயும் அதே பூட்டு என்று நினைத்தார்கள். நினைத்தது தப்பு. மருந்து இருக்கும்போதும் வைரஸின் புரதங்கள் உருவாகிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அவற்றைக் கூட்டிச் சேர்த்து உருண்டை வைரஸாகக் கட்டும் வேலை மட்டும் நின்றுபோனது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சாரம் சரிந்த கட்டடம் மாதிரி சவ்வுகள் தாறுமாறாகக் கிடக்கும். மருந்தைக் கழுவி எடுத்தால் சில நிமிடங்களில் கட்டுமானம் மறுபடி தொடங்கிவிடும்!

மருந்து வைரஸைத்தான் தொடுகிறதா, செல்லை நோகடித்து அதன் வழியாக வைரஸை நோகடிக்கிறதா என்பதற்கு ஒரு அழகான சோதனை உண்டு. கொஞ்சம் மருந்து, கொஞ்சம் வைரஸ் என்று தலைமுறை தலைமுறையாக வளர்த்துக்கொண்டே போவது. ஒருநாள் மருந்துக்கு மசியாத வைரஸ் முளைக்கும். அதன் மரபணுவில் எந்த இடம் மாறியிருக்கிறதோ, அங்கேதான் மருந்து கை வைக்கிறது. ரிஃபாம்பிசினுக்குத் தப்பிய வைரஸ்களை 1980களில் இப்படித் துருவியபோது மாற்றம் டி13 என்ற புரதத்தின் மரபணுவில் இருந்தது. சாரம் கட்டும் புரதமே அதுதான். 2018இல் டி13இன் உடம்பில் ரிஃபாம்பிசின் உட்கார்ந்திருக்கும் முப்பரிமாணப் படமும் வந்தது. ஐம்பது வருடத்துக் கேள்விக்குப் பதில்.

சரி, பெரியம்மைக்கு அதை ஏன் மருந்தாகக் கொடுக்கவில்லை? செல் வளர்க்கும் லேப் தட்டில் வைரஸை நிறுத்த மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் அளவுக்கு ரிஃபாம்பிசின் வேண்டியிருந்தது. காசநோய்க்காரர் 600 மில்லிகிராம் மாத்திரை விழுங்கினால் ரத்தத்தில் ஏறும் உச்ச அளவு ஏறக்குறைய 10. பத்து மடங்கு இடைவெளி. பத்து மாத்திரை விழுங்கினால் முதலில் போவது கல்லீரல்.

வேலை செய்வது உண்மை, வழிமுறை உண்மை, ஆதாரம் கச்சிதம். அளவு மட்டும்தான் உதைக்கிறது. என்னைக் கேட்டால், "லேபில் வைரஸைக் கொன்றது" என்று எந்தச் செய்தி வந்தாலும் முதல் பத்தியிலேயே இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட வேண்டும்: தட்டில் எவ்வளவு தேவைப்பட்டது, மாத்திரை போட்டால் உடம்பில் எவ்வளவு ஏறும். பெரும்பாலான செய்திகள் அங்கேயே படுத்துவிடும்.

தொண்ணூற்றாறு குழி

இப்போது தட்டுக்கு வருவோம். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய தெளிந்த பிளாஸ்டிக் பிளேட், எட்டு வரிசை, பன்னிரண்டு பத்தி, தொண்ணூற்றாறு குழி. பல்லாங்குழியைச் சுருக்கி வைத்தது போல இருக்கும். முதல் நாள் சாயங்காலம் ஒவ்வொரு குழியிலும் செல்களை இடுவோம். பெரும்பாலும் வீரோ செல். 1962இல் ஜப்பானில் சீபா பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்பட்டு, அன்றிலிருந்து உலகம் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும் செல் இனம். மறுநாள் காலையில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இடைவெளி இல்லாமல் கல் பதித்த முற்றம் மாதிரி அடித்தரையை நிரப்பியிருக்கும். அதைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

பிறகு வைரஸ். ஒரு மணி நேரம் செல்லோடு இருக்கவிட்டுக் கழுவி, மருந்தை இரண்டிரண்டாக நீர்த்து ஒவ்வொரு பத்தியிலும் ஊற்றுவோம். அதே பிளேட்டில் சாட்சிக்காரர்களும் இருப்பார்கள். செல் மட்டும் உள்ள குழி, செல்லும் வைரஸும் உள்ள குழி, வைரஸே இல்லாமல் செல்லும் மருந்தும் மட்டும் உள்ள குழி, ஏற்கெனவே வைரஸை அடக்கும் என்று தெரிந்த மருந்து உள்ள குழி. தண்ணீரில் கரையாத மருந்தை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைப்பதால் அந்தக் கரைப்பான் மட்டும் உள்ள குழியும் வேண்டும். டி.எம்.எஸ்.ஓ. கொஞ்சம் அதிகமானாலே செல் சுருண்டுவிடும். மருந்து செய்ததா, கரைப்பான் செய்ததா என்று பிறகு பஞ்சாயத்து வைக்க முடியாது.

37 டிகிரியில், ஐந்து சதவீதம் கரியமில வாயு உள்ள இன்குபேட்டரில் இரண்டு நாள். சிக்குன்குனியாவுக்கு அதுவே போதும். நம் ஊர்க்காரர்களுக்கு 2006இல் மூட்டு மூட்டாகப் பிடித்துக் கூனவைத்த அதே வைரஸ் இங்கே செல்லைச் சுருட்டிப் பிடுங்கி மிதக்கவிடும்.

வைரஸை எண்ணுவதற்கு ஆறு குழி உள்ள பெரிய பிளேட்டை எடுப்போம். செல் விரிப்பின் மேல் கூழ் மாதிரி ஒன்றை ஊற்றிவிட்டால் வைரஸ் நீந்திப் போக முடியாது, பக்கத்துச் செல்லை மட்டும்தான் தொற்ற முடியும். ஒரு வைரஸ் விழுந்த இடத்தில் ஒரு ஓட்டை விழும். ஃபார்மலினில் பதப்படுத்தி, கிரிஸ்டல் வயலட் ஊற்றிக் கழுவினால் உயிரோடு இருந்த விரிப்பு கத்தரிப்பூ நிறமாகும், ஓட்டைகள் வெள்ளை வட்டங்களாகத் தெரியும். இந்தச் சாயத்தை உங்களுக்கும் தெரியும். சின்ன வயதில் வாய்ப்புண்ணுக்குப் பஞ்சில் தொட்டுத் தடவிய ஜென்ஷியன் வயலட்தான். பிளேட்டைக் குழாயடியில் மெதுவாக அலசி, கவிழ்த்துக் காயவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எண்ணிய வட்டத்தை மறுபடி எண்ணாமலிருக்கப் பின்பக்கம் மார்க்கரால் புள்ளி வைத்துக்கொண்டே எண்ணுவோம்.

சறுக்கும் இடம் இனிதான். நான் வேலை பார்த்த இடத்தில், ஒரு ஆன்டிபயாடிக்கைச் சிக்குன்குனியா மேல் ஓட்டிப் பார்த்த மாணவி ஒருநாள் ஓடிவந்தாள். "சார், மேல் டோஸ்ல ஜீரோ சார்! மீடியாவை எடுத்து டைட்டர் பண்ணி எண்ணுனேன், ஒரு வைரஸ்கூட இல்ல."

"செல்லு எப்டிம்மா இருக்கு?"

அவள் பதில் சொல்லவில்லை. மருந்து மட்டும் இருந்த குழியை மைக்ராஸ்கோப்பில் வைத்தோம். வைரஸே போடாத குழி அது. முற்றத்தில் கல்லே இல்லை. சுருண்ட உருண்டைகள் இங்கொன்றும் அங்கொன்றுமாக மிதந்தன. எம்.டி.டி. என்ற மஞ்சள் பொடிக் கரைசலை ஊற்றினால் உயிருள்ள செல் அதை ஊதாவாக மாற்றும். எங்கள் குழி மஞ்சளாகவே கிடந்தது. மருந்து வைரஸைத் தொடவே இல்லை. செல்லைக் கொன்றிருந்தது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ரோடியர் நெசவு மில் ஓடிய காலத்தில், சங்கு ஊதாத நாளில் துணி வராது. அதற்காக, மில்லைப் பூட்டியவரை நெசவு தெரிந்தவர் என்றா சொல்வோம்? வைரஸ் என்பது செல் என்ற மில்லில் ஓடும் தறி. மில்லை மூடும் எதுவும் தட்டில் 'வைரஸ் எதிர்ப்பு மருந்து' வேஷம் போட்டுக்கொள்ளும். ஆக்டினோமைசின் டி என்ற ஆன்டிபயாடிக் இதற்குப் பாடப்புத்தக உதாரணம். டி.என்.ஏ. இருக்கும் இடமெல்லாம் ஒட்டிக்கொண்டு எல்லா வேலையையும் நிறுத்திவிடும். அதைப் புற்றுநோய்க்குத்தான் கொடுக்கிறார்கள்.

டாக்ஸிசைக்ளின் மாதிரி மென்மையான மருந்துகளிலும் இதே பொறி வேறு உருவத்தில் இருக்கிறது. நம் செல்லுக்குள் மின்சாரம் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம் பாக்டீரியாவுடையதைப் போலவே இருக்கும், பூர்வீகம் அப்படி. அதிக அளவில் டாக்ஸிசைக்ளின் போனால் அதுவும் தடுமாறும். செல் சாகாது, சோம்பும். சோம்பிய செல்லில் வைரஸும் குறைவாகவே வரும். எம்.டி.டி.யில் நிறம் லேசாகத்தான் மங்கும், அவசரக்காரன் கண்ணுக்குத் தப்பிவிடும்.

அதனால்தான் இரண்டு எண்களைக் கேட்கிறோம். வைரஸைப் பாதியாகக் குறைக்கும் அளவு ஒன்று, செல்லைப் பாதியாகக் கொல்லும் அளவு இன்னொன்று. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவதுதான் தேர்வுக் குறியீடு. ஒரு கணக்குக்கு, வைரஸுக்கு 20, செல்லுக்கு 50 என்றால் குறியீடு இரண்டரை. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பத்துக்கு மேல் போனால்தான் உட்கார்ந்து பேசலாம் என்பது லேப்களில் பொதுவான வழக்கம். பாக்டீரியா சோதனையில் இந்தத் தலைவலியே கிடையாது. அங்கே வளர்ப்புத் திரவத்தில் பாக்டீரியா மட்டும்தான், எந்த அளவில் கலங்கல் நிற்கிறது என்று பார்த்தால் வேலை முடிந்தது. வைரஸ் தனியாக வளராது. எப்போது சோதித்தாலும் திருடனையும் வீட்டையும் சேர்த்தேதான் சோதிக்க வேண்டியிருக்கிறது.

குரங்குச் சிறுநீரகமும் மனித நுரையீரலும்

2020 மார்ச்சில் பிரான்சின் மார்சே நகரிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. மலேரியா மருந்தான ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் கூடவே அசித்ரோமைசினும் கொடுத்தால் கொரோனா வைரஸ் மூக்கிலிருந்து சீக்கிரம் மறைகிறது என்றது. பிரான்சில் உறவுக்காரர்கள் உள்ள புதுச்சேரி வீடுகளுக்கு இந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் சுடச்சுட வந்துவிட்டது. கட்டுரையில் மொத்தம் 36 பேர். இரண்டு மருந்தும் சேர்ந்து பெற்றவர்கள் ஆறே ஆறு பேர். அந்தக் கட்டுரையை இதழே 2024 டிசம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குள் எத்தனை அட்டைகள் விற்றுத் தீர்ந்தன!

தட்டில் ஆதாரம் இருந்தது என்று சொன்னேனே, அது இதுதான்: வீரோ செல்லில் இரண்டு மருந்துமே வைரஸைக் குறைத்தன. ஆனால் வீரோ எந்த மாதிரி வீடு? கொரோனா வைரஸ் செல்லுக்குள் வர இரண்டு வாசல் உண்டு. நம் நுரையீரல் செல்லின் மேற்பரப்பில் டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2 என்ற நொதி இருக்கிறது, அது முன்வாசலைத் திறந்துவிடும். வீரோவில் அந்த நொதி இல்லாததுபோலத்தான். அங்கே வைரஸ் பின்வாசல் வழியாக, செல்லின் அமிலப் பைக்குள் போய், கதெப்சின் என்ற வேறொரு நொதியின் தயவில் நுழைகிறது. குளோரோகுயின் வகை மருந்து அமிலத்தைக் குறைத்து அந்தப் பின்வாசலைத்தான் சாத்துகிறது. 2020 ஜூலையில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் மனித நுரையீரல் செல்லில் செய்து காட்டினார்கள். அங்கே குளோரோகுயின் எடுபடவில்லை. டீகோப்ளானின் என்ற ஆன்டிபயாடிக்கும் கதெப்சினைத்தான் பிடிக்கிறது. எபோலா மாதிரி அந்த வாசலை மட்டுமே நம்பியிருக்கும் வைரஸுக்கு அது பொருத்தமான யோசனை. வாசலை மாற்றிக்கொள்ளத் தெரிந்த வைரஸிடம் அந்த வித்தை செல்லாது.

அதைவிடப் பெரிய பொறி 2021இல் வெளியே வந்தது. ஒரு பக்கம் கொழுப்பை விரும்பும், மறுபக்கம் நேர்மின்சுமை தாங்கும் மருந்து மூலக்கூறுகள் செல்லின் அமிலப் பைகளுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். அங்கே கரைய வேண்டிய கொழுப்பு கரையாமல் குவிந்து செல்லே பொதபொதவென்று ஆகும். பாஸ்ஃபோலிப்பிடோசிஸ் என்று பெயர். கொரோனாவுக்கு எதிராகத் தட்டில் 'ஜெயித்த' பழைய மருந்துகளில் பல இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. மனநோய் மருந்து, ஒவ்வாமை மருந்து, மலேரியா மருந்து என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை எல்லாம் ஏன் ஒரே வைரஸை அடக்குகின்றன என்று வியந்தார்கள். எல்லாம் செல்லை ஒரே விதத்தில் மந்தமாக்கிக்கொண்டிருந்தன. அசித்ரோமைசின் செல்லுக்குள் இப்படிக் கொழுப்பைக் குவிக்கும் என்பது 1990களிலேயே தெரிந்த விஷயம்.

அளவுக் கணக்கையும் போட்டுவிடலாம். 500 மில்லிகிராம் அசித்ரோ மாத்திரைக்கு ரத்தத்தில் உச்ச அளவு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 0.4 மைக்ரோகிராம், அதாவது அரை மைக்ரோமோலார். வீரோ செல்லில் கொரோனாவைப் பாதியாக்க வேண்டியிருந்தது இரண்டு மைக்ரோமோலார் அளவு. அசித்ரோவுக்கு வக்காலத்து வாங்கியவர்கள், ரத்தத்தைவிடத் திசுக்களில் அது பல மடங்கு சேருமே என்றார்கள். நியாயமான வாதம்தான், உண்மையிலேயே சேரும். எங்கே சேரும் என்றால் அந்த அமிலப் பைகளில்.

வாதத்துக்கு முடிவு தட்டில் கிடைக்காது. பிரிட்டனில் ரெகவரி என்ற பெரிய பரிசோதனையில், மருத்துவமனையில் சேர்ந்த 2,582 பேருக்குச் சீட்டுக் குலுக்கிய மாதிரி அசித்ரோ கொடுத்தார்கள், 5,181 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 28 நாளில் இறந்தவர்கள் இந்தப் பக்கம் 22 சதவீதம், அந்தப் பக்கமும் 22 சதவீதம். 2021 பிப்ரவரியில் லான்செட் இதழில் வந்தது. அதற்குப் பிறகும் நம் ஊரில் இரண்டாவது அலை முழுக்க அட்டை விற்றுக்கொண்டுதான் இருந்தது. மருந்துக்கு அடங்காத டைபாய்டுக்கு வாய்வழியாகக் கொடுக்க இன்று இந்தியாவில் கையில் மிச்சம் இருப்பது முக்கியமாக இந்த அசித்ரோதான் என்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

வைரஸைத் தொடாமலே

இன்னொரு வழியும் இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் அநியாயம். கடலூர், விழுப்புரம் எல்லாம் சேர்ந்து தென்னார்க்காடாக இருந்த காலத்திலிருந்தே இந்தப் பக்கத்து நெல்வயல்களுக்கு ஜப்பானிய மூளைக்காய்ச்சலோடு பழக்கம் உண்டு. நாட்டிலேயே அந்த நோய் முதலில் அடையாளம் காணப்பட்டது 1955இல் வேலூர்ப் பகுதியில். நடவு வயலில் தேங்கும் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு அதைப் பன்றியிடமிருந்தும் கொக்கு, நாரையிடமிருந்தும் குழந்தைகளுக்குக் கொண்டுவரும். விருத்தாசலம் பக்கத்து வயல்களில் பூச்சியியல் ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் மாலை நேரத்தில் மாட்டுத் தொழுவங்களில் கொசு பிடித்துக் கணக்கெடுத்திருக்கிறார்கள். இன்று தடுப்பூசி இருக்கிறது. நோய் வந்துவிட்டால் வைரஸை அடக்கும் மருந்து இன்னும் இல்லை.

மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் இங்கே உள்ளே வருகிறது. முகப்பருவுக்குக் கொடுப்பார்களே, அதுதான். மனேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில், இந்த வைரஸ் தாக்கிய எலிகளுக்கு அதைக் கொடுத்தபோது அவை பிழைத்தன. மூளையைக் கெடுப்பதில் பாதி வைரஸ் என்றால் மீதி அதை எதிர்க்கக் கிளம்பும் நம் பாதுகாப்புச் செல்களின் வெறி. மினோசைக்ளின் முக்கியமாக அந்த வெறியைத் தணிக்கிறது. மூளைக்குள் எளிதாக நுழையவும் செய்யும், எல்லா ஆன்டிபயாடிக்கும் அப்படி நுழையாது. பிறகு லக்னோவில் மூளைக்காய்ச்சலோடு வந்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2016இல் முடிவு வெளியானது. இறப்பைக் குறைக்கிறது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் வரவில்லை. எலியில் பிழைத்தது மனிதரிடம் நழுவியது. ஆனாலும் நான் இதை ரிஃபாம்பிசினுக்குப் பக்கத்தில் வைப்பேன், மார்சே கட்டுரைக்குப் பக்கத்தில் வைக்க மாட்டேன். கேள்வி ஒழுங்காகக் கேட்கப்பட்டது, பதில் ஒழுங்காக வெளியிடப்பட்டது.

பிச்சாவரத்துச் சேறு

ஆன்டிபயாடிக் என்ற சொல்லையே கொஞ்சம் தளர்த்திப் பார்த்தால் கதை வேறு பக்கம் திரும்பும். முதல் மழைக்கு வரும் மண்வாசனையைத் தருவது பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிர்க் கூட்டம். ஸ்ட்ரெப்டோமைசினும் அதன் தயாரிப்புதான், யானைக்கால் ஒழிப்புக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டினின் தாய்ச் சரக்கும் அந்தக் குடும்பத்திலிருந்து வந்ததுதான். அந்தக் குடும்பத்தில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஆன்டிபயாடிகஸ் என்றே பெயர் வைத்த ஒன்று விடாரபின் என்ற பொருளைச் சுரக்கிறது. 1960இல் புற்றுநோய்க்கென்று லேபில் செயற்கையாகச் செய்த அதே பொருள், பிறகு ஹெர்பிஸ் வைரஸை அடக்குவதாகத் தெரிந்து, 1970களில் ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சலுக்கு மருந்தாகவே வந்தது. பின்னால் அசைக்ளோவிர் வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஏற்கெனவே கடையில் இருக்கும் ஆன்டிபயாடிக்கை எடுத்து வைரஸ் மேல் எறிந்து பார்ப்பதைவிட, அதைச் செய்யும் நுண்ணுயிரிடம் வேறு என்ன சரக்கு இருக்கிறது என்று கேட்பது எனக்கு நல்ல கேள்வியாகப் படுகிறது.

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க இடம் பக்கத்திலேயே இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம், அதற்குக் கொஞ்சம் தெற்கே பிச்சாவரம் அலையாத்திக் காடு. உப்பும் நன்னீரும் மாறி மாறி ஏறும் சேறு, அழுகிய இலை, பிராணவாயு குறைந்த கறுப்பு மண். இப்படிப்பட்ட இடத்தில் பிழைக்கும் நுண்ணுயிரிடம் வித்தியாசமான சரக்கு இருக்கும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. அந்தச் சேற்றிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசிஸ் பிரித்தெடுக்கும் வேலை பல வருடமாக நடக்கிறது. அலையாத்தித் தாவரச் சாறுகளை வைரஸ்கள் மேல் சோதிக்கும் வேலையும் 1990களிலேயே நடந்தது.

என்னிடம் முன்பு படித்த ஒரு பெண் இப்போது அந்த வகை வேலையில் இருக்கிறாள். படகில் போய், சுரபுன்னை வேருக்கடியில் ஸ்பூனால் சேறு எடுத்து வந்து, மூன்று வாரம் தட்டில் காத்திருந்து, சாம்பல் பூத்த ஒரு காலனியைப் பிடித்திருக்கிறாள். அதன் சாறு பாக்டீரியாவைத் தடுக்கிறது, தட்டில் காகித வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம் விழுகிறது. போட்டோ அனுப்பியிருந்தாள். போன வாரம் போனில் பேசும்போது, வைரஸ் மேல் எப்போது ஓட்டப் போகிறாய் என்று கேட்டேன்.

"இப்ப இல்ல சார். மொதல்ல வீரோல டாக்ஸிசிட்டி. நேத்துதான் எம்.டி.டி. போட்டேன். மேல ரெண்டு டோஸ்ல மஞ்சளாவே நிக்குது, செல் போயிடுச்சு. அதுக்குக் கீழ நாலு குழி நல்ல ஊதா. இன்னும் ரெண்டு தடவை போட்டு அதே மாதிரி வந்தாதான் வைரஸ் பிளேட்டத் தொடுவேன்."